ஒரு சாண் பத்தாத ஏணி

எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்து நாளாக ஒரு கொக்கி மட்டும் தொங்குகிறது. அதில் மாட்ட வேண்டிய ஃபேன் சுவரோரமாக அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது.

வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து கொக்கியைப் பார்க்கிறார்கள். அப்புறம் பெட்டியைப் பார்க்கிறார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "என்னாச்சு?" என்கிறார்கள்.

"ஏணி உடைஞ்சு போச்சு" என்பேன்.

பொய் இல்லை. உடைந்த ஏணி கொல்லையில்தான் கிடக்கிறது. ஆனாலும் அந்தப் பதிலைச் சொன்ன கையோடு பேச்சை மாற்றிவிடுவேன்... ஏன் என்று எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும் "இனிமே ஏரிக்கரையிலதான் இருப்பேன்" என்று அடம்பிடித்தார். பழவேற்காடு பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய வீடு பிடித்துக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, மத்தியானத்தில் மீன் வாசனையும் உண்டு. ஒரே குறை – கூரை. ஒட்டகச்சிவிங்கி வளர்க்கிற உத்தேசத்தில் கட்டியிருப்பார்கள் போல. ஒரு பல்பு ஃப்யூஸ் ஆனால்கூட எங்களுக்கு அது ஒரு விசேஷம். ஏணி வேண்டும், ஏறுவதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள் தேசிங்கு.

கோட்டைக்குப்பத்துக்காரர். நாற்பது வயது இருக்கலாம். தொழில் மீன்பிடிப்பு. கடலுக்கும் போவார், ஏரியிலும் வலை கட்டுவார். எங்கேயோ வயரிங் வேலையும் கற்றுக்கொண்டிருக்கிறார். காற்று சரியில்லாத நாட்களில் எங்கள் தெருவின் ஃபேன், ஸ்விட்ச், தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் கையில்தான்.

அவரோடு அவருடைய ஏணியும் வரும். விரித்து நிறுத்துகிற மர மடக்கு ஏணி. கால்கள் நீலம், படிகள் மஞ்சள், ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு. அவருடைய போட்டுக்கும் அதே நீலம், அதே மஞ்சள், அதே கோடு. தை பிறப்பதற்கு முன்னால் போட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார். டப்பாவில் மிச்சம் இருப்பதை ஏணிக்கு அடித்துவிடுவார். வருஷா வருஷம் இப்படித்தான். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். போட்டில் செருப்புக் காலோடு ஏறமாட்டாராம். ஏணிக்கும் அதே மரியாதை.

எனக்கு அந்த ஏணியை ரொம்பப் பிடிக்கும். இவ்வளவு பளபளப்பான ஏணி ஊரில் யாரிடமும் கிடையாது.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை. என் பெண்ணின் மாமியார் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பழைய ஃபேன் ஓடும்போது இருமிக்கொண்டிருந்தது. புதுசு வாங்கியாகிவிட்டது. தேசிங்கு வந்தார், பழையதை முந்தின நாள் வெள்ளையடிக்க வந்தவர்கள் சாரத்தில் நின்று கழற்றி வைத்துவிட்டதால் நேராகக் கொக்கியைச் சோதிக்க ஏறினார். மேல் பலகைக்கு இரண்டு படி கீழே நின்று கையை நீட்டினார். எட்டவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

"மேடம், ஒரு சாண் பத்தல. கோயில்ல பெரிய ஏணி கீது. நாளிக்கு காலைல எடுத்துனு வந்து மாட்டிர்றேன்."

நாளைக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒரு எரிச்சல் வரும் பாருங்கள்... இந்த ஊரில் பிளம்பர் நாளைக்கு, கேஸ்காரர் நாளைக்கு, தண்ணீர் கேன் நாளைக்கு. தேசிங்கு ஒருநாளும் அப்படி ஏமாற்றினவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அந்த நிமிஷத்தில் அத்தனை பேர் மேல் இருந்த கோபமும் அவர் மேல் போய் நின்றது.

"ஒரு சாண்தானே தேசிங்கு. மேல் பலகையில ஏறினா எட்டிடுமே. ஞாயித்துக்கிழமை ஆளுங்க வராங்க. இன்னைக்கே முடிச்சிடுங்களேன்."

அவர் மேல் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செரி மேடம்."

அவ்வளவுதான். ஏறினார். பலகை மேல் இரண்டு காலையும் வைத்து நிமிர்ந்தார். கொக்கியும் எட்டியது. "பாத்தீங்களா?" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். டிக் என்று ஒரு சத்தம், சுள்ளி ஒடிகிற மாதிரி. ஏணியின் பின்கால் ஒன்று முழங்கால் மடங்குவது போல மடங்கியது. தேசிங்கு பக்கவாட்டில் வந்து வலது கையை ஊன்றி விழுந்தார்.

தரையில் கிடந்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபேன் மேல உழல இல்ல?"

ஃபேன் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. மணிக்கட்டுதான் போய்விட்டது. நானும் என் வீட்டுக்காரரும் அவரை ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு குழியிலும் ஆட்டோ இறங்கி ஏறும்போது "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் எலும்பு விட்டிருக்கிறது. ஆறு வாரம் மாவுக்கட்டு, கையை அசைக்கவே கூடாது என்றார்கள்.

அவர் மனைவி கஸ்தூரி மீன் விற்றுக்கொண்டிருந்த இடத்திலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்தாள். புருஷனின் கையைப் பார்த்தாள். அப்புறம் நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னாக்கா ஆச்சு? எப்டி உழுந்தாரு?"

நான் சொன்னேன்: "ஏணி கால் உடைஞ்சிடுச்சும்மா."

நான்கு அடி தள்ளி பெஞ்சில் சாய்ந்திருந்த தேசிங்கு என்னைப் பார்த்தார். 

கஸ்தூரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அடுத்த வெள்ளிக்கெழம நம்ம பாடுக்கா" என்றாள். எனக்குப் பகீரென்றது. மூன்று வருஷம் இங்கே இருந்ததில் பாடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஏரியில் இறால் நிறைய விழுகிற இடங்கள் சில உண்டு. அவற்றில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊரே கூடி முறை போட்டு வைத்திருக்கிறது. எல்லோருக்கும் சுற்றி வரும், யாரும் சண்டை போட வேண்டியதில்லை. நம் நாள் வரும்போது நாம் தண்ணீரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நம் இடத்தில் வேறு ஆள் நிற்பார், அன்றைக்கு விழுவதும் அவருக்குத்தான். மழைக்குப் பின் வருகிற நல்ல இறால் இதுதான். இந்த முறை விட்டால் மறுபடி சுற்றி வருவதற்குள் இறால் கடலுக்கு இறங்கிவிடும்.

"ஆறு வாரமாம்மே" என்றார் தேசிங்கு அவளிடம், மெதுவாக.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் உடைந்த ஏணியைக் கொல்லைக்கு இழுத்துப்போட்டுப் பார்த்தார். கையெழுத்து இல்லாமல் எதையும் நம்பாத மனுஷர், குனிந்து குனிந்து பார்த்தார். உடைந்த இடத்தில் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வந்தது. நீலத்துக்குக் கீழே இன்னொரு நீலம், அதற்கும் கீழே ஒரு பச்சை. எல்லாவற்றுக்கும் கீழே, மரத்தில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். விரிசலுக்குள் வெள்ளையாக, கெட்டியாக என்னவோ அடைத்திருந்தது.

மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு தேசிங்கைப் பார்க்கப் போனபோது கேட்டேன்.

"அதுவா... போன வருசம் விட்டுச்சு மேடம். புட்டி வெச்சு அடைச்சு, மேல ரெசின் ஊத்தி, பெயிண்ட் அடிச்சேன். சூப்பரா புடிச்சுக்குச்சு. தண்ணி ஊத்திக்கூட பாத்தேன். ஒரு சொட்டு எறங்கல."

"தண்ணியா?"

"ஆமா. ஒரு கொடம் முழுக்க ஊத்துனேன்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் வரவில்லை. யோசித்துப் பாருங்கள், அவருக்கு விரிசல் என்றால் என்ன? போட்டில் ஒரு கீறல் விட்டால் தண்ணீர் உள்ளே வரும். புட்டி வைத்து, ரெசின் ஊற்றி, தண்ணீர் வரவில்லை என்று பார்த்துவிட்டால் பயம் தீர்ந்தது. அந்த வேலையை அவர் நூறு முறை செய்திருக்கிறார். ஒரு முறையும் தவறியதில்லை, அந்த போட் இன்றைக்கும் மிதக்கிறது. ஏணியிலும் விரிசல் விட்டது. ஒழுகாமல் அடைத்துவிட்டார். ஏணி ஒழுகினால் என்ன, ஒழுகாவிட்டால் என்ன? அது ஆள் பாரத்தைத் தாங்க வேண்டியது. அந்தச் சோதனையை மட்டும் யாரும் செய்யவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் எல்லோருமே நமக்குத் தெரிந்த பரீட்சையைத்தான் எல்லாவற்றுக்கும் வைக்கிறோம். என் அப்பா பத்திரம் எழுதுகிறவர். எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தபோது பையனை ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதச் சொன்னார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. "தங்கமான பையன்" என்று அன்றைக்கே முடித்துவிட்டார். முப்பத்தைந்து வருஷமாகிறது. அந்த முத்து முத்தான கை சுவரில் ஒரு ஆணி அடித்து நான் பார்த்ததில்லை. அடித்திருந்தால் தேசிங்கு ஏன் எங்கள் வீட்டில் ஏணி ஏறப்போகிறார்?

பார்த்தீர்களா... பழியை இப்போது வீட்டுக்காரர் மேல் போடப் பார்க்கிறேன். அந்த வாரம் முழுக்க நான் இப்படித்தான் இருந்தேன். விரிசல் கிடைத்தது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? பார்க்கிறவர்களிடமெல்லாம் விரிசல் கதையைச் சொன்னேன். குடம் தண்ணீர் ஊற்றினதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், பரிதாபப்பட்டார்கள். மேல் பலகையில் ஏறச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் அப்போது வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மனசு கேட்கவில்லை. தேசிங்குக்கு ஒரு புது ஏணி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை கிளம்பி, செங்குன்றம் பக்கம் ஏணி செய்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். கடையில் வாங்கியிருக்கலாம். எனக்கென்னவோ செய்கிறவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும் போலிருந்தது.

பட்டறையை நடத்துவது முப்பது வயதுப் பெண். பேண்ட், சட்டை, காதில் பென்சில். உள்ளே நீள நீளமான அலுமினியக் குழாய்களை அறுக்கும் சத்தம் காதைப் பிளந்தது. ஒருவர் கால் சட்டத்தில் அளவு வைத்து ஓட்டை போடுகிறார், இன்னொருவர் படியைச் செருகி ரிவெட் அடிக்கிறார். ஒரு மூலையில் செய்து முடித்த ஏணியை விரித்து நிறுத்தி, நடுப்படியில் மணல் மூட்டைகளை ஏற்றி வைத்திருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டு, கால் வளைகிறதா, படி தொய்கிறதா என்று பார்ப்பார்களாம். நான் கொஞ்ச நேரம் அந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எந்த ஊருக்கு ஆன்ட்டி?"

சொன்னேன்.

"கடலோரமா? அலுமினியம் துருப்பிடிக்காதுதான். ஆனா ரிவெட் எதுலனு பாத்து வாங்கணும். இரும்பு ரிவெட்னா உப்புக்காத்துல பொடிப்பொடியா உதிர்ந்துடும். வெளிய பாத்தா ஏணி புதுசு மாதிரியே இருக்கும். என்ன வேலைக்கு?"

"வயரிங்."

"அப்ப அலுமினியம் பக்கமே போகாதீங்க. கரண்ட் வேலைக்கு ஃபைபர்தான்."

ஃபைபர் கால் சட்டத்தைக் காட்டினாள். தடவிப் பார்த்தேன். தேசிங்கின் போட் எதில் செய்ததோ அதே சரக்கு. ஏரியில் மிதப்பது இங்கே ஏணியாக நிற்கிறது. அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றியது.

அவரது பழைய ஏணி மரம் என்றதும் அவள் கேட்டாள், "பெயிண்ட் அடிச்சிருந்தாரா?"

"வருஷா வருஷம்."

"அதான் தப்பு. மர ஏணிக்கு வார்னிஷ் அடிக்கலாம், எண்ணெய் தடவலாம். பெயிண்ட் அடிக்கக் கூடாது. மரம் கண்ணுக்குத் தெரியணும். விரிசல் விட்டா விட்டுச்சுனு தெரியணும்ல?"

தலையாட்டினேன். அங்கேயே ஏணியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒருத்தர் மேல் பலகை மேலயே ஏறி நின்னா?"

"நிக்கக் கூடாது. அது படியே இல்ல ஆன்ட்டி, ஸ்க்ரூ டிரைவர் வெக்கிற இடம். கீழ நின்னா முழங்காலாவது ஏணியில முட்டுக் கொடுத்து நிக்கும், கையால பிடிச்சுக்கலாம். மேல நின்னா பிடிக்க ஒண்ணுமே கிடையாது. உடம்பு ஆடும். அந்த ஆட்டம் அத்தனையும் கால் சட்டத்துல போய் இறங்கும். ஏற்கெனவே விரிசல் விட்ட கால்னா முடிஞ்சுது."

"கீழ்ப் படியிலயே நின்னிருந்தா தாங்கியிருக்குமா?"

"தாங்கியிருக்கலாம். இத்தனை நாள் தாங்கிச்சுல்ல?"

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு பில் போடப் போய்விட்டாள். எனக்குக் காதுக்குள் அறுக்கும் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. தேசிங்கு இரண்டு படி கீழே நின்றார். எட்டவில்லை என்று இறங்கினார். தன் ஏணியில் எதுவரை ஏறலாம் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. நாளைக்குப் பெரிய ஏணி கொண்டு வருகிறேன் என்று சரியாகத்தான் சொன்னார். அவரை ஏற்றிவிட்டது என் அவசரம்.

சம்பந்தி வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கோ ஜலதோஷமாம்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஏணியை ஆட்டோ மேல் கட்டிக்கொண்டு கோட்டைக்குப்பம் போனேன். அன்றைக்குத்தான் அவர்களுடைய பாடு. ஏன் அன்றைக்கே போனேன் என்றால்... போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏரிக்கரையில் வலையும் கழிகளும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தேசிங்கும் அங்கே இருந்தார். கழுத்திலிருந்து தூளி மாதிரி துணி, அதில் மாவுக்கட்டுக் கை. இடது கையை நீட்டி, "அந்தக் கழிய முன்னாடி வை... அத்த இல்லப்பா, பக்கத்துல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் அந்த மனிதர் தேசிங்கின் தோளைத் தொட்டுவிட்டு ஏறினார்.

போட் நகர்ந்தது. மற்றவர்கள் திரும்பி நடந்தார்கள். தேசிங்கு திரும்பவில்லை. முழங்கால் தண்ணீர் வரை இறங்கிப் போய் நின்றார். அதற்கு மேல் போகக் கூடாது, கட்டு நனைந்துவிடும். போட் சின்னதாகி, கழி நடுகிற ஆட்கள் புள்ளிகளாகிற வரைக்கும் அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

கஸ்தூரி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் ஏணியை இறக்கி வைத்ததும் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள்.

"ஃபைபரா? நல்லா கீது. எதுக்குக்கா உங்களுக்கு செலவு?"

"இருக்கட்டும்மா."

"டீ குடிக்கிறீங்களா?"

"வேணாம். கஸ்தூரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"அன்னைக்கு அவர் எட்டலைன்னு இறங்கிட்டாரு. நாளைக்குப் பெரிய ஏணி கொண்டாறேன்னாரு. நான்தான் கேக்கல. நான்தான் மேல் பலகையில ஏறச் சொன்னேன். விரிசல் இருந்துச்சுதான். ஆனா நான் ஏறச் சொல்லலைன்னா இன்னைக்கு அவரு தண்ணியில நின்னுட்டிருப்பாரு. தப்பு என்மேலதாம்மா."

 கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்படட்டும் என்றும் நினைத்தேன். அவள் கீழே கிடந்த தேங்காய் நாரைக் குனிந்து எடுத்தாள்.

"தெரியும்க்கா. ஆஸ்பத்திரிலயே சொல்ட்டாரு."

"அப்ப ஏன் நீ ஒண்ணும் கேக்கல?"

"நீங்க எப்ப சொல்வீங்கனு பாத்துனு இருந்தேன்."

எட்டு நாள் பார்த்திருக்கிறாள்.